பழைய காரைத் தானம் கொடுத்தால் வரி எவ்வளவு குறையும்?

டிசம்பர் வந்துவிட்டால் போதும், அமெரிக்காவில் ரேடியோவைத் திருப்பினாலே இந்த விளம்பரம்தான்: "உங்கள் பழைய காரைக் கொடுங்கள், ஓடாவிட்டாலும் பரவாயில்லை, நாங்களே வந்து இழுத்துப் போகிறோம், வரிச் சலுகை உங்களுக்கு." இதைக் கேட்டவர்களிடம் இரண்டு கணக்குகள் உலவுகின்றன. கார் நாலாயிரம் டாலர் பெறும் என்றால் வரியில் நாலாயிரம் டாலர் மிச்சம் என்பது ஒன்று. வரி அவ்வளவு குறையாவிட்டாலும் வருமானத்திலிருந்து நாலாயிரத்தைக் கழித்தாவது காட்டலாம் என்பது இன்னொன்று. இரண்டுமே தப்பு. பலருக்கு இந்தத் தானத்தால் வரியில் ஒரு டாலர்கூடக் குறையாது. குறைகிறவர்களுக்கும் பெரும்பாலும் சில நூறு டாலர்தான்.

அதற்காகக் கார் தானமே வீண் என்று சொல்ல வரவில்லை. வாசலில் துருப்பிடித்து நிற்கும் வண்டியைக் கைக்காசு செலவில்லாமல் அப்புறப்படுத்த இது நல்ல வழி. ஏதோ ஒரு நல்ல காரியத்துக்குக் கொஞ்சம் பணமும் போய்ச் சேரும். வரியை மட்டுமே நம்பிக் கொடுக்கிறவர்கள்தான் ஏப்ரலில் வரிக் கணக்கு போடும்போது விழிக்கிறார்கள். கீழே சொல்வதெல்லாம் அமெரிக்க மத்திய வருமான வரி விதிகள். மாநில வரி தனிக் கதை.

## காரின் மதிப்பை யார் முடிவு செய்கிறார்கள்?

அம்மனுக்குச் சாத்திய புடவைகளைக் கோயிலில் ஏலம் விடுவார்கள். பக்தர் எட்டாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிச் சாத்திய பட்டு, ஏலத்தில் ஆயிரத்து ஐந்நூறுக்குப் போகும். கோயில் வரவில் ஏறுவது அந்த ஆயிரத்து ஐந்நூறுதான். கடைக்காரர் போட்ட பில்லைக் கோயில் கணக்குப்பிள்ளை பார்க்கமாட்டார். கார் தானமும் இப்படித்தான். அறக்கட்டளைக்காரர்கள் உங்கள் காரை வைத்து ஓட்டப்போவதில்லை. பெரும்பாலும் அது நேராக ஏலத்துக்குப் போகும். அங்கே விழுகிற விலைதான் நீங்கள் கொடுத்த தானம் என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது.

முன்பு இப்படி இல்லை. பழைய கார்களின் விலைப் பட்டியலைப் புரட்டி, கொடுத்தவரே ஒரு மதிப்பை எழுதிக்கொள்ளலாம். ஓடாத வண்டிக்கு ஓடுகிற வண்டியின் விலையைப் போட்டவர்கள் ஏராளம். அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. 2003 நவம்பரில் வெளியிட்ட அறிக்கை இதைப் போட்டு உடைத்தது. 2000ஆம் வரியாண்டில் சுமார் 7,33,000 பேர் கார் தானத்தைக் கழித்துக் காட்டியதில் வரி வரவு சுமார் 65.4 கோடி டாலர் குறைந்திருந்தது. ஜி.ஏ.ஓ. தனித்தனியாகப் பின்தொடர்ந்து பார்த்த 54 கார்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு, கொடுத்தவர் எழுதிய மதிப்பில் நூற்றுக்கு ஐந்தோ அதற்கும் குறைவோதான் அறக்கட்டளையின் கைக்குப் போயிருந்தது.

மறு ஆண்டே சட்டத்தை மாற்றினார்கள். 2005 ஜனவரி முதல் உள்ள விதி இது: 500 டாலருக்கு மேல் கழிக்க வேண்டுமானால், அறக்கட்டளை காரை விற்ற மொத்த விலைதான் உச்சவரம்பு. மொத்த விலை என்றால் ஏலத்தில் விழுந்த தொகை. இழுத்துப்போன கூலி, ஏலக் கமிஷன் எதையும் கழிப்பதற்கு முந்தையது. இந்த நுணுக்கத்தில் ஒரு வேடிக்கை இருக்கிறது. கார் 1,400 டாலருக்குப் போய், செலவெல்லாம் போக அறக்கட்டளைக்கு 500 டாலர்தான் மிஞ்சியது என்றாலும், நீங்கள் 1,400 டாலரைக் காட்டலாம். ஆகவே உங்கள் ரசீதில் உள்ள தொகையைப் பார்த்து "இவ்வளவு தர்மம் செய்தோம்" என்று நினைத்துக்கொள்ள முடியாது.

## டிடக்‌ஷன் என்பது தள்ளுபடி அல்ல

வரி கணக்கிடும் முன் வருமானத்திலிருந்து கழிக்கிற தொகைக்கு டிடக்‌ஷன் என்று பெயர். கணக்கிட்டு முடித்த வரியிலிருந்தே நேராகக் கழிப்பது கிரெடிட். கார் தானம் முதல் வகை. உங்கள் வருமானத்தின் மேல்தட்டுக்கு 22 சதவீத வரி என்றால், 1,400 டாலர் டிடக்‌ஷனால் குறையும் வரி 308 டாலர். 12 சதவீதத் தட்டில் இருப்பவருக்கு 168 டாலர். அதுவும் அடுத்த வாசலைத் தாண்டினால்தான்.

## பலர் மாட்டிக்கொள்ளும் இடம்: ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்

வருமானத்திலிருந்து கழிக்க இரண்டு வழிகள் உண்டு. எந்தக் கேள்வியும் இல்லாமல் அரசே எல்லோருக்கும் தருகிற நிலையான தொகை ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன். வீட்டுக்கடன் வட்டி, மாநில வருமான வரி, சொத்து வரி, தானங்கள் என்று ஒவ்வொன்றாகப் பட்டியலிட்டு ஷெட்யூல் ஏ என்ற தாளில் காட்டுவது ஐட்டமைஸ் செய்வது. இரண்டில் எது பெரியதோ அதை எடுத்துக்கொள்ளலாம். இரண்டையும் சேர்த்து எடுக்க முடியாது. கார் தானம் ஷெட்யூல் ஏ-வுக்குள்தான் வரும்.

2025ஆம் வரியாண்டில் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் தனியாளுக்கு 15,750 டாலர், சேர்ந்து தாக்கல் செய்யும் தம்பதிக்கு 31,500 டாலர். 2026இல் அவை 16,100, 32,200. இவ்வளவு உயரத்தில் இருப்பதால் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பேர் ஐட்டமைஸ் செய்வதே இல்லை. அவர்கள் கார் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும் வரி ஒன்றுதான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். மூன்று தம்பதிகள், மூவருக்கும் 22 சதவீதத் தட்டு, மூவரின் காரும் 2025இல் ஏலத்தில் 1,400 டாலருக்குப் போனது என்று வைத்துக்கொள்வோம்.

முதல் தம்பதிக்கு வட்டி 14,000, மாநில வரியும் சொத்து வரியும் 15,000, ரொக்கத் தானம் 1,000, ஆக 30,000. காரைச் சேர்த்தால் 31,400. ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் இன்னும் 100 டாலர் கூடுதலாக இருக்கிறது. ஆகவே வரிப் பலன் பூஜ்யம்.

இரண்டாவது தம்பதியின் பட்டியல் கார் இல்லாமல் 30,800. காரோடு 32,200. ஆனால் சும்மாவே 31,500 கிடைத்திருக்கும் என்பதால், காரால் கூடியது 700 டாலர்தான். வரிப் பலன் 154 டாலர்.

மூன்றாவது தம்பதிக்குக் கார் இல்லாமலே 36,000 ஆகிவிட்டது. அவர்களுக்குத்தான் முழு 1,400-ம் பயன்படும்: 308 டாலர்.

2026 முதல் இன்னொரு வெட்டும் சேர்கிறது. ஐட்டமைஸ் செய்பவர்களுக்கும், ஆண்டு முழுக்கச் செய்த தானங்களின் கூட்டுத்தொகையில், மொத்த வருமானத்தின் (சட்டப்படி சரிக்கட்டியது) அரை சதவீதம் வரை கணக்கில் வராது. அந்தத் தொகை 1,80,000 டாலர் என்றால் முதல் 900 டாலர் போய்விடும். அந்த ஆண்டு வேறு தானமே இல்லாமல் 1,400 டாலர் கார் மட்டும் என்றால் மிஞ்சுவது 500. வரிப் பலன் 110 டாலர்.

ஆக, இதுவரை: ஏலத்தில் போன விலைதான் தொகை. அதைக் காட்ட ஐட்டமைஸ் செய்திருக்க வேண்டும். காட்டினாலும் உங்கள் வரித் தட்டின் சதவீதம்தான் மிச்சம். விளம்பரத்தில் "முழு வரிச் சலுகை" என்று சொல்வது சட்டப்படி பொய் இல்லை. இந்த மூன்றையும் சொல்லாமல் விடுவதுதான் அதன் சாமர்த்தியம்.

## 500 டாலர் விதி

சின்னத் தொகைக்கு ஒரு சலுகை உண்டு. கார் 500 டாலருக்கோ அதற்குக் குறைவாகவோ விற்றால், 500 டாலர் அல்லது காரின் சந்தை மதிப்பு, இரண்டில் எது குறைவோ அதைக் காட்டலாம். ஏலத்தில் 150 டாலருக்குப் போன காரை நீங்களே விற்றிருந்தால் 900 கிடைத்திருக்கும் என்றால் 500 காட்டலாம். அந்தக் காரே 300தான் பெறும் என்றால் 300.

சந்தை மதிப்பு என்பது அதே ஆண்டு, அதே மாடல், அதே மைல், அதே நிலையில் உள்ள காரை ஒரு தனியாள் இன்னொரு தனியாளுக்கு விற்கும் விலை. கெல்லி புளூ புக் போன்ற பட்டியல்களில் "பிரைவேட் பார்ட்டி" என்று போட்டிருப்பது. டீலர் விற்கும் விலையைப் போடக்கூடாது. காரின் நிலையைக் கேட்கும் இடத்தில் கியர்பாக்ஸ் போன வண்டிக்கு "குட்" என்று அழுத்தக்கூடாது என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை; ஆனாலும் அழுத்துகிறார்கள்.

## முழுச் சந்தை மதிப்பும் கிடைக்கும் மூன்று வழிகள்

விற்ற விலை என்ற உச்சவரம்புக்கு விதிவிலக்குகள் மூன்றுதான்.

அறக்கட்டளை காரைத் தன் வேலைக்கு நிஜமாகவே, கணிசமாகப் பயன்படுத்துவது முதலாவது. ஓராண்டு முழுக்கத் தினமும் முதியோருக்குச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்க ஓட்டினால் அது சேரும். விற்பதற்கு முன் நாலு தடவை கடைக்குப் போய்வந்தது சேராது. இரண்டாவது, மதிப்பு கணிசமாக உயரும்படி பெரிய பழுது பார்ப்பது. பெயிண்ட் அடிப்பது, நசுங்கலை எடுப்பது, சீட் துணியைத் தைப்பது, கழுவித் துடைப்பது எதுவும் இதில் வராது. எஞ்சினை எடுத்துக் கட்டினால் வரும். மூன்றாவது, ஏழைக் குடும்பத்துக்கு இலவசமாகவோ சந்தை விலையைவிட மிகக் குறைவாகவோ கொடுப்பது. அதுவும் அந்த அறக்கட்டளையின் நோக்கமே ஏழைகளுக்குப் போக்குவரத்து வசதி செய்துதருவது போன்றதாக இருக்க வேண்டும். மேரிலாந்து மாநிலத்தில் தொடங்கிய வெஹிக்கிள்ஸ் ஃபார் சேஞ்ச் இந்த வகை அமைப்பு.

உங்கள் கார் நன்றாக ஓடுகிறது, ஐந்தாறாயிரம் டாலர் பெறும் என்றால் தேட வேண்டியது இந்த மூன்றாவது வகை அமைப்பைத்தான். அங்கேயும் வரும் வண்டிகள் எல்லாம் குடும்பங்களுக்குப் போவதில்லை. தேறாதவை ஏலத்துக்குப் போகும். "என் வண்டி எதற்குப் போகும்?" என்று கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

## கார் போகும் வழி

நீங்கள் அழைக்கும் எண்ணை எடுப்பது அந்த அறக்கட்டளையின் ஊழியராக இருப்பது அரிது. பெரும்பாலும் நடுவில் ஒரு தரகு நிறுவனம் இருக்கும். ஒரே நிறுவனம் பல அறக்கட்டளைகளுக்கு இந்த வேலையைப் பார்க்கும். காரின் வின் எண் (ஒவ்வொரு காருக்கும் உள்ள தனி அடையாள எண்), ஓடிய மைல், ஓடுமா ஓடாதா, டைட்டில் என்கிற உரிமைப் பத்திரம் கையில் இருக்கிறதா என்று கேட்பார்கள். டோ டிரக் வந்து ஏல யார்டுக்கு இழுத்துப் போகும். கோபார்ட், ஐ.ஏ.ஏ. போன்ற ஏல நிறுவனங்களில் விற்பனை. வாங்குகிறவர் பெரும்பாலும் பழைய கார் வியாபாரி அல்லது பாகங்களுக்காகப் பிரிப்பவர். மொத்த விற்பனைச் சந்தை என்பதால், தனியாள் விலையில் பாதிகூடத் தேறாமல் போவது சகஜம். விற்ற தொகையில் இழுவைக் கூலி, ஏலக் கட்டணம், விளம்பரச் செலவு, தரகுப் பங்கு போக மீதிதான் அறக்கட்டளைக்கு.

தரகர் இருப்பதே தவறில்லை; சின்ன அமைப்புகளால் டோ டிரக் வைத்துக்கொள்ள முடியாது. ஆனால் அந்த நிறுவனம் அறக்கட்டளையின் அதிகாரபூர்வ ஏஜென்டாக இருக்க வேண்டும். அப்படி இல்லாமல் தானே காரை எடுத்துக்கொண்டு, அறக்கட்டளையின் பெயரைப் பயன்படுத்துவதற்காக அதற்கு மாதாமாதம் ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு மீதியைத் தான் வைத்துக்கொள்ளும் ஏற்பாடு என்றால், நீங்கள் கொடுத்தது தானமாகவே ஆகாது.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: விற்ற விலையில் எத்தனை சதவீதம் அறக்கட்டளைக்குப் போகும்? நேரான பதில் வராத இடத்தில் வண்டியைக் கொடுக்காதீர்கள். பிறகு ஐ.ஆர்.எஸ். (அமெரிக்க வருமான வரித் துறை) தளத்தில் உள்ள வரிவிலக்கு அமைப்புகளின் தேடலில் பெயரைப் போட்டு, தானம் பெறத் தகுதியான 501(சி)(3) அமைப்புதானா என்று பாருங்கள். இன்னும் ஆழமாகப் பார்க்க விரும்பினால் அந்த அமைப்பு ஆண்டுதோறும் தாக்கல் செய்யும் கணக்கான ஃபார்ம் 990 பொதுவில் கிடைக்கும். அதில் ஷெட்யூல் எம் என்ற பகுதியில் கார்களுக்கென்று தனி வரிசை இருக்கும். வெளியாட்களை வைத்து வாங்கி விற்கிறார்களா என்பதற்கும் பதில் இருக்கும். சில இடங்களில் கார் கொடுத்தால் ஓட்டல் வவுச்சர் தருவதாகச் சொல்வார்கள். அந்த வவுச்சரின் மதிப்பை உங்கள் டிடக்‌ஷனிலிருந்து கழிக்க வேண்டும்.

## தாள்கள்: 1098-சி, 8283

தானத்துக்கு ஆதாரம் ஃபார்ம் 1098-சி. காரை விற்ற 30 நாளுக்குள் அறக்கட்டளை இதை உங்களுக்கு அனுப்ப வேண்டும். மேலே சொன்ன மூன்று விதிவிலக்குகளில் ஒன்று என்றால், கார் கைமாறிய 30 நாளுக்குள். டோ டிரக் டிரைவர் கிழித்துக் கொடுக்கும் சீட்டு இதற்கு மாற்று ஆகாது. அது கார் போன தேதிக்கு மட்டுமே சாட்சி.

தாள் வந்ததும் நாலு பெட்டிகளைப் பாருங்கள். 4சி-யில் விற்ற மொத்த விலை இருக்கும். நீங்கள் காட்டும் தொகை அதைத் தாண்டக்கூடாது. 5ஏ-வில் டிக் இருந்தால் அறக்கட்டளை காரைப் பயன்படுத்தப்போகிறது அல்லது பழுது பார்க்கப்போகிறது என்று பொருள். 5பி என்றால் ஏழைக்குப் போகிறது. 7-இல் டிக் இருந்தால் 500 டாலருக்கு மேல் உங்களால் காட்ட முடியாது. சோஷியல் செக்யூரிட்டி எண்ணையோ, அது இல்லாதவர்களுக்குத் தரும் ஐடின் என்ற வரி எண்ணையோ கொடுக்க மறுத்தால் இந்த 7-இல்தான் முடியும். எண்ணைக் கொடுக்கத் தயக்கம் இருப்பது இயல்பு. அதனால்தான் அமைப்பை முன்பே சரிபார்த்துக்கொள்வது அவசியம்.

500 டாலருக்கு மேல் காட்டினால் 1098-சி-யின் பி நகலை வரிக் கணக்கோடு இணைக்க வேண்டும். மின்வழியில் தாக்கல் செய்பவர்கள் மென்பொருள் அனுமதித்தால் பி.டி.எஃப். ஆக இணைக்கலாம்; இல்லாவிட்டால் ஃபார்ம் 8453-ஐ மேலே வைத்துத் தபாலில் அனுப்ப வேண்டும். கூடவே, ரொக்கம் அல்லாத தானங்கள் எல்லாம் சேர்ந்து 500 டாலரைத் தாண்டினால் ஃபார்ம் 8283 நிரப்ப வேண்டும். பலர் தவறுவது இந்த "எல்லாம் சேர்ந்து" என்பதில். கார் 450, வீட்டைக் காலி செய்தபோது குட்வில் அறக்கட்டளையின் கடையில் தானம் கொடுத்த துணிமணி 200 என்றால் 650 ஆகிவிட்டது, 8283 தேவை.

கார் எப்போது வாங்கியது, என்ன விலைக்கு என்றெல்லாம் 8283 கேட்கும். அதனால் கொடுக்கும் முன்பே வாங்கிய ரசீதைத் தேடி எடுத்து, மைல் மீட்டரையும் காரின் நாலு பக்கத்தையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கார் யார்டுக்குப் போனபின் அந்தப் படங்களை யாரும் எடுத்துத் தரமாட்டார்கள். விதிவிலக்கு வழியில் 5,000 டாலருக்கு மேல் காட்டுவதானால் தகுதிபெற்ற மதிப்பீட்டாளரின் எழுத்து மதிப்பீடும், 8283-இன் பி பகுதியில் அவருடைய கையெழுத்தும், அறக்கட்டளையின் கையெழுத்தும் வேண்டும். மதிப்பீடு தானத் தேதிக்கு 60 நாளுக்கு முன்பு எடுத்ததாக இருந்தால் செல்லாது. ஏலத்தில் விற்ற விலையைக் காட்டுபவர்களுக்கு, அது 5,000-ஐத் தாண்டினாலும் இந்தத் தொல்லை இல்லை.

சுருக்கமாக: 4சி-யில் உள்ள தொகை, பி நகல் இணைப்பு, 8283. இந்த மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தியிருந்தால் போதும்.

## டிசம்பர் 31

எந்த ஆண்டுக் கணக்கில் சேரும் என்பதைத் தீர்மானிப்பது கார் கைமாறிய நாள். கையெழுத்திட்ட டைட்டிலும் காரும் அறக்கட்டளையிடமோ அதன் ஏஜென்டிடமோ டிசம்பர் 31-க்குள் போயிருக்க வேண்டும். அது ஏலத்தில் பிப்ரவரியில் விற்றாலும் போன ஆண்டுக் கணக்கில்தான் வரும். ஆனால் டிசம்பர் 31 இரவு இணையத்தில் படிவத்தை நிரப்பிவிட்டு, ஜனவரி 4 அன்று டோ டிரக் வந்தால், அதைப் போன ஆண்டில் காட்டுவது ஆபத்து. கடைசி வாரத்தில் டோ டிரக் கிடைப்பது பெரும்பாடு. பனி விழும் மாநிலங்களில் இன்னும் மோசம். டிசம்பர் 15-க்குள் பதிவு செய்துவிடுங்கள்.

ஆண்டுக் கடைசியில் கொடுப்பதில் இன்னொரு சிக்கல், ஏப்ரல் 15 வந்தும் 1098-சி வராமல் இருப்பது. கார் இன்னும் விற்கவில்லை என்றால் தாள் எப்படி வரும்? தாள் கையில் இல்லாமல் 500-க்கு மேல் காட்டித் தாக்கல் செய்துவிட்டு, பிறகு வந்ததும் வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். தாக்கல் செய்யும்போதே கையில் இருக்க வேண்டும் என்பது விதி. ஃபார்ம் 4868 போட்டு அக்டோபர் 15 வரை அவகாசம் வாங்கலாம் (கட்ட வேண்டிய வரியை மட்டும் ஏப்ரலிலேயே கட்டிவிட வேண்டும்). அல்லது கார் தானத்தைக் காட்டாமலே தாக்கல் செய்துவிட்டு, தாள் வந்தபின் 1040-எக்ஸ் மூலம் திருத்தலாம்.

## டைட்டிலில் வரும் வில்லங்கம்

வரியைவிட அதிகத் தலைவலி இங்கேதான். கார் கடனில் இருந்தால் வங்கியின் விடுவிப்புக் கடிதம் இல்லாமல் கொடுக்க முடியாது. கடனை எப்போதோ அடைத்திருந்தாலும் டைட்டிலில் வங்கியின் பெயர் அப்படியே இருக்கலாம், எடுத்துப் பாருங்கள். லீஸ் கார் உங்களுடையதே அல்ல. டைட்டிலில் கணவன், மனைவி இருவர் பெயரும் "அண்ட்" என்று சேர்ந்திருந்தால் இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். அடித்துத் திருத்தினாலோ ஒயிட்னர் தடவினாலோ பல மாநிலங்களில் அந்த டைட்டில் செல்லாது. நகல் டைட்டிலுக்கு மறுபடி விண்ணப்பிக்க வேண்டிவரும்.

வாங்குபவர் பெயர் எழுதும் இடத்தைக் காலியாக விட்டுக் கையெழுத்து மட்டும் போடச் சொன்னால் உஷாராகுங்கள். அறக்கட்டளையின் பெயரை எழுதி, இரண்டு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு கொடுங்கள். காலி டைட்டிலோடு போன கார் பல கை மாறும்வரை அரசுப் பதிவில் உங்கள் பெயரிலேயே இருக்கும். டோல் பாக்கி, பார்க்கிங் அபராதம், நடுரோட்டில் விட்டுப்போன வண்டிக்கான கட்டணம் எல்லாம் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். இதைத் தடுக்க மாநில வாகனப் பதிவுத் துறையான டி.எம்.வி.-யில் கார் கைமாறியதைப் பதிவு செய்ய வேண்டும். கலிபோர்னியாவில் இதற்கு ரெக் 138 என்ற படிவம் உண்டு. ஐந்து நாளுக்குள் இணையத்திலேயே முடித்துவிடலாம்.

நம்பர் பிளேட் விஷயத்தில் மாநிலத்துக்கு மாநிலம் வழக்கம் வேறு. கலிபோர்னியாவில் சாதாரண பிளேட் காரோடு போகும். நியூயார்க், நியூஜெர்சி, புளோரிடாவில் கழற்றி எடுத்துக்கொள்ள வேண்டும். நியூயார்க்கில் பிளேட்டை டி.எம்.வி.-யிடம் ஒப்படைத்த பிறகே இன்சூரன்ஸை நிறுத்த வேண்டும். வரிசை மாறினால் லைசென்ஸே முடங்கலாம். டோல் டேக், கராஜ் ரிமோட், டேஷ்போர்டு பெட்டியில் கிடக்கும் முகவரித் தாள்கள், காரின் புளூடூத்தில் ஏறியிருக்கும் போன் தொடர்புகள் ஆகியவற்றை டிரக் வருவதற்கு முன் எடுத்துவிடுங்கள், அழித்துவிடுங்கள்.

## விற்றுவிட்டுப் பணமாகக் கொடுத்தால்?

ஓடுகிற காருக்கு இதுதான் பெரும்பாலும் நல்ல கணக்கு. சொந்த உபயோகத்துக்கு வாங்கிய காரை வாங்கிய விலைக்குக் குறைவாக விற்றால் அந்தப் பணத்துக்கு வரி கிடையாது. தனியாளிடம் 3,800 டாலருக்குப் போகும் கார் ஏலத்தில் 1,400-க்குப் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்களே விற்று 3,800-ஐயும் அறக்கட்டளைக்குக் கொடுத்தால், தரகர் பங்கு எதுவும் இல்லாமல் முழுதும் அங்கே போய்ச் சேரும். நீங்கள் காட்டும் தொகையும் 3,800. பாதியைக் கொடுத்துவிட்டுப் பாதியை வைத்துக்கொண்டாலும் இரு பக்கமும் லாபம்தான்.

2026 முதல் இதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்திருக்கிறது. ஐட்டமைஸ் செய்யாதவர்களும் ரொக்கத் தானத்தில் தனியாள் 1,000 டாலர், தம்பதி 2,000 டாலர் வரை கழிக்கலாம். ரொக்கம் மட்டும், காருக்கு இது பொருந்தாது. 22 சதவீதத் தட்டில் உள்ள தம்பதிக்கு 2,000 டாலர் ரொக்கத்தால் 440 டாலர் வரி குறையும். அதே தம்பதி காராகவே கொடுத்தால் பூஜ்யம்.

காராகவே கொடுப்பது பொருந்துவது, விற்க முடியாத வண்டிகளுக்கு. எஞ்சின் போனவை, விற்க நேரமில்லாதவை, கலிபோர்னியாவில் புகைச் சோதனையில் தோற்றவை (அங்கே தனியாளுக்கு விற்கும்போது சோதனைச் சான்று தருவது விற்பவர் பொறுப்பு). இந்தக் கடைசி வகைக்குக் கூட, பழைய வண்டியை ஓய்வுபெறச் செய்ய மாநில அரசே பணம் தரும் திட்டம் ஒன்று இருக்கிறது. தகுதி இருக்கிறதா என்று முதலில் அதைப் பார்த்துவிட்டு, இல்லாவிட்டால் தானத்துக்குப் போகலாம்.

## ஊருக்குத் திரும்புகிறவர்களுக்கு

எச்-1பி முடிந்தோ வேலை மாறியோ இந்தியாவுக்குக் கிளம்புகிறவர்கள் கடைசி வாரத்தில் காரைத் தானம் கொடுத்துவிட்டு விமானம் ஏறுவது வழக்கமாகிவிட்டது. டைட்டில் தொலைந்திருந்தால் கிளம்பும் தேதிக்குச் சில வாரம் முன்பே நகலுக்கு விண்ணப்பியுங்கள். ஊருக்குப் போனபின் கையெழுத்துக்காகத் தாள்கள் கடல் தாண்டி அலையும். 1098-சி வருவதற்கு, காலி செய்துவிட்ட அபார்ட்மென்டைத் தராமல், அங்கேயே இருக்கும் நண்பர் ஒருவரின் முகவரியைக் கொடுங்கள். எஃப்-1 மாணவர்கள் முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகளுக்குப் பெரும்பாலும் வரிச் சட்டப்படி வெளிநாட்டவராகக் கருதப்படுபவர்களுக்கான 1040-என்.ஆர். படிவத்தைத் தாக்கல் செய்பவர்கள். இந்தியா–அமெரிக்கா வரி ஒப்பந்தத்தால் இந்திய மாணவருக்கும் ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் உண்டு என்பதால், அவர்களுக்குக் கார் தானத்தால் வரி குறைவது அபூர்வம்.

இந்தியாவில் உள்ள அமைப்புக்கு நேராகக் கொடுத்தால் அமெரிக்க டிடக்‌ஷன் கிடையாது; அமெரிக்காவில் பதிவான அமைப்பாக இருக்க வேண்டும். இந்திய வருமான வரியில் 80ஜி என்று அறியப்படும் தானக் கழிவும் பணமாகக் கொடுத்தால்தான். காராகவோ வேறு பொருளாகவோ கொடுத்ததை அதில் காட்ட முடியாது.